அப்பில் பதிவாகாத பயணம்



2023 ஏப்ரல் 2ஆம் திகதி பாரிஸ் நகரசபை ஒரு வாக்கெடுப்பு வைத்தது: வாடகை மின் ஸ்கூட்டர் வேணுமா, வேண்டாமா? பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட வாக்களிக்கவில்லை. வந்தவர்களில் 89 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஓகஸ்ட் முடியமுன்னம் சுமார் 15,000 ஸ்கூட்டர்கள் தெருவைவிட்டுப் போயின.

ஸ்கூட்டர் போனதில் எனக்குக் கவலையில்லை. ஆனால் லாச்சப்பல் குசினிகளில் நிற்கிற, வதிவிட அட்டையோடு மட்டும் வாழ்கிற எங்கட ஆக்களுக்கு அந்த வாக்கு இருக்கவில்லை. அவர்களுக்குத் தேவையான கேள்வியையும் ஒருத்தரும் கேட்கவில்லை: இரவு எப்படி வீட்டை போறீங்கள்?

வார நாட்களில் மெற்றோ இரவு 1.15 அளவில் ஓய்ந்துவிடும். திரும்ப ஓடுவது காலை 5.30க்குத்தான். கடை பூட்டி, குசினி கழுவி வெளியே வாற அண்ணாவுக்கும், விடியமுன்னம் ஒபிஸ் துப்புரவாக்கப் போற அக்காவுக்கும் இடையில் இருப்பது நொக்டிலியன் இரவு பஸ் மட்டும். லாக்கூர்னேவ் தாண்டிப் போறவருக்கு, ஒன்றைத் தவறவிட்டால் குளிருக்குள் காத்திருப்புத்தான்.

அதனால் கார் வைத்திருக்கிற ஒருவர் நாலு பேரை ஏற்றுகிறார். பெற்றோல் காசைப் பங்கு போடுகிறார்கள். 'ஒரு சீற் இருக்கு' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். பகிர்வுப் பயணம் என்றால் இதைவிட வேறென்ன?

ஆனால் பகிர்வுப் போக்குவரத்து ஆய்வுகள் பெரும்பாலும் அப் தருகிற தரவைத்தான் எண்ணுகின்றன. பிராந்தியப் போக்குவரத்து அதிகாரசபையான இல் து பிரான்ஸ் மொபிலிடேயும், அப்பில் பதிவான கார்ப் பகிர்வுக்குத்தான் சாரதிமாருக்குப் பணம் கொடுத்திருக்கிறது. எங்கட கார் அந்தக் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு பஸ்ஸும் வராது.

இரவில் ஆள் குறைவு, செலவு கூட என்பார்கள். தூரத்துக்கும் முன்னர் இதே கதைதான் சொன்னார்கள். இடதுசாரிகள் கையில் பிராந்திய சபை இருந்தபோது, 2015 செப்ரெம்பரில், எல்லா வலயங்களுக்கும் ஒரே விலை நவிகோ வந்தது. தூர இருக்கிறவர் கூடக் கட்டவேணும் என்பது ஒரு அரசியல் முடிவு. அதை மாற்றலாம் என்று அன்று தெரிந்தது. பிந்தி வேலை முடிக்கிறவர் தெருவில் நிற்கவேணும் என்பதும் அப்படித்தான்.

ஆய்வு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஒரு கிழமை, கடை பூட்டுற நேரம் லாச்சப்பலில் நாங்கள் நிற்போம். பெயர் வேண்டாம், விசா விபரம் வேண்டாம். எத்தனை மணிக்கு வேலை முடியுது, எங்க போறீங்கள், எப்படிப் போறீங்கள் என்ற மூன்று கேள்வி போதும். பதில்களைத் தொழிற்சங்கத்திடமும் அதிகாரசபையிடமும் கொண்டுபோவோம்.

எங்கட சனத்தை முதலில் நாங்கள் எண்ணுவோம்.