மிக்ஸி கார்பனும் ஞாயிற்றுக்கிழமை ரேஸும்

போன வாரம் வீட்டு மிக்ஸி மக்கர் பண்ணிடுச்சு. கல்யாணச் சீரா திருச்சியிலேர்ந்து கிளம்பி, எங்களோடவே நாக்பூர், அகமதாபாத், இப்போ புனேன்னு மூணு டிரான்ஸ்ஃபர் பார்த்த மிக்ஸி. தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது உள்ளே பொறி பறந்துச்சு, கூடவே ஒரு கருகல் வாசனை. "என்னங்க, கார்பன் தேஞ்சு போச்சு போல, மாத்திக் குடுங்க"ன்னு கிச்சன்லேர்ந்து வீட்டம்மா குரல். பக்கத்து ரூம்ல படிச்சிட்டிருந்த (அப்படின்னு நான் நம்புற) பையன் எட்டிப் பார்த்து, "அப்பா, நம்ம கார் வாசனை!"ன்னான்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி. நானும் பையனும் மூணு வருஷமா ஆர்சி கார் ரேஸ் ஓட்டுறோம். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, கையில ரிமோட். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு காலி பார்க்கிங் தரையில தோட்டத்து ஹோஸ் பைப்பை வளைச்சுப் போட்டு டிராக் ஆக்குவோம். இருபது பேர் வருவோம். நாப்பத்தஞ்சு வயசு பேங்க் ஆபீசருக்கு இது தேவையான்னு கேக்காதீங்க, அதை வீட்லயே கேட்டாச்சு :-)

இப்போ விஷயம் என்னன்னா, அடுத்த சீசன்லேர்ந்து பிரஷ்டு மோட்டார் கிடையாது, எல்லாரும் பிரஷ்லெஸ்தான்னு எங்க குரூப்ல ஒரு தீர்மானம் வந்திருக்கு. வர்ற ஞாயிறு ஓட்டெடுப்பு. முதல்ல நான் மூர்க்கமா எதிர்த்தேன். இப்போ மனசு மாறியிருக்கு, ஆனா முழுசா இல்லை. அதைத்தான் இங்கே கொட்டப் போறேன்.

ரெண்டுக்கும் வித்தியாசம் என்ன? நம்ம மிக்ஸியையே எடுத்துக்கோங்க. உள்ளே சுத்துற பாகத்துல செப்புக் கம்பிச் சுருள் இருக்கு. சுத்திக்கிட்டே இருக்குற சுருளுக்குக் கரண்ட் எப்படிக் குடுக்குறது? ரெண்டு கார்பன் கட்டை ஸ்பிரிங் அழுத்தத்துல கம்யூட்டேட்டர்ங்கிற செப்பு வளையத்தை உரசிக்கிட்டே இருக்கும். அது வழியாத்தான் கரண்ட் போகும். உரசினா தேயும், பொறி பறக்கும், சூடாகும். பிரஷ்டு ஆர்சி மோட்டாரும் இதே கதைதான், சுத்தி நிலைக் காந்தம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரஷ்லெஸ்ல இதை அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க. காந்தம் நடுவுல சுத்தும், சுருள் வெளியே அசையாம நிக்கும். உரச எதுவும் இல்லை. எந்தச் சுருளுக்கு எப்போ கரண்ட் குடுக்கணும்னு ஈஎஸ்சி, அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்துற அந்தச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி, மூணு ஒயர் வழியா மாத்தி மாத்தி அனுப்பும். சென்சார் இருந்தா காந்தம் எந்த நிலையில நிக்குதுன்னு அதுக்கு முன்னாடியே தெரியும், வண்டி வழுக்கிக்கிட்டு கிளம்பும். சென்சார் இல்லாட்டி, பொறுமையாக் கிளம்பும்போது கிளட்ச் சரியா விடாத ஸ்கூட்டர் மாதிரி உதறும்.

இதுல ஒரு சிக்கல். பிரஷ்டுக்கு ரெண்டு ஒயர், பிரஷ்லெஸ்ஸுக்கு மூணு. மோட்டாரை மட்டும் மாத்தினா போதாது, பழைய ஈஎஸ்சி பிரஷ்டுக்கு மட்டும்னா அதையும் மாத்தணும். டாமியா டிடி-02 கிட் வாங்கினவங்க சிலருக்கு அதிர்ஷ்டம். கூட வர்ற டிபிஎல்இ-02எஸ் ரெண்டு வகை மோட்டாரையும் ஓட்டும், பிரஷ்லெஸ்னா சென்சார் உள்ளதா இருக்கணும். மத்தவங்களுக்குச் செலவு ரெட்டிப்பு.

பிகாம் படிச்சவன்கிட்ட செலவுன்னு சொன்னா நோட்டு தானா திறந்துக்கும். பிரஷ்டுங்கிறது முதலீடு கம்மி, நடப்புச் செலவு ஜாஸ்தி. பிரஷ்லெஸ் நேர் எதிர், முதல்லயே பெரிய தொகை, அப்புறம் எப்பவாவது பேரிங் மாத்துறதுதான். என் நோட்டுப்படி ரெண்டு வருஷத்துல கார்பன், ஸ்பிரிங், ரெண்டு புது மோட்டார்னு நான் போட்ட காசுக்கு ஒரு நல்ல பிரஷ்லெஸ் செட்டே வந்திருக்கும். "பிரஷ்டுதான் சிக்கனம்"னு நான் மேடை போட்டுப் பேசினதெல்லாம் என் நோட்டே பொய்யாக்கிடுச்சு.

இன்னொரு குட்டும் வெளியே வரட்டும். எங்க விதிப்படி 27 டர்ன், அதாவது 27 சுத்துச் சுருள் உள்ள எந்த பிரஷ்டு மோட்டாரும் ஓட்டலாம். கிட்டோட வர்ற சில்வர் கேன் மோட்டாரைப் பிரிக்க முடியாது, மூடி சீல் பண்ணியிருக்கும். என்னோடது பிரிச்சுப் பூட்டுற வகை. போதாக்குறைக்கு, ஹாபியை விட்டுட்டுப் போன ஒரு சீனியர்கிட்ட கம்யூட்டேட்டரைச் சீவிச் சமமாக்குற சின்ன லேத் மெஷின் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். சனிக்கிழமை ராத்திரி சீவுவேன், புது கார்பன் போட்டு மோட்டாரை மெதுவா ஓட்டிப் பழக்குவேன். ஞாயித்துக்கிழமை நேர் ரோட்டுல நான் பறப்பேன். நான் கத்துக்கிட்ட வித்தைன்னு பெருமைப்பட்டது உண்மைதான். ஆனா அது கார் ஓட்டுற வித்தை இல்லையே!

இது எனக்கு உறைச்சது ஒரு பையனால. ஒன்பதாவது படிக்கிறான், அப்பா ஆட்டோ ஓட்டுறார். பழைய கார் ஒண்ணை யார்கிட்டயோ வாங்கி, சில்வர் கேன் மோட்டாரோட ஓட்டுறான். வளைவுல என்னை வெளுத்து வாங்குவான், நேர் ரோட்டுல நான் அவனைத் தாண்டிடுவேன். ஒரு நாள், "அங்கிள், உங்க மோட்டாருக்கு என்ன பண்றீங்க?"ன்னு ஹிந்தியில கேட்டான். லேத்தைப் பத்திச் சொன்னேன். "ஓ"ன்னு மட்டும் சொல்லிட்டு கார் டயரைத் துடைக்கப் போயிட்டான். அந்த "ஓ" எனக்கு ரெண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துச்சு.

அப்போ பிரஷ்லெஸ் வந்தா நியாயம் வந்துடுமா? இங்கேதான் தீர்மானம் போட்ட நண்பர்களோட நான் ஒத்துப் போகலை. வெளிநாட்டுல இந்த மாற்றம் 2000களிலேயே நடந்து முடிஞ்சுது. பழைய 27 டர்ன் வகுப்புக்கு 17.5 டர்ன், 19 டர்னுக்கு 13.5 டர்ன்னு ஈடு சொன்னாங்க. இனிமே லேத் வேண்டாம், கார்பன் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே வேகம்னுதான் பேச்சு. என்ன ஆச்சு? 2009, 2010 வாக்குல ஈஎஸ்சிக்குள்ள இருக்குற சாஃப்ட்வேர்ல டைமிங்கை ஏத்த ஆரம்பிச்சாங்க. 17.5 மோட்டார் அதுக்கு மேல் வகுப்பு வேகத்துல ஓடுச்சு. புது ஈஎஸ்சி வாங்கினவன் ஜெயிச்சான், மோட்டார்களும் வெந்துச்சு. கடைசியில பல இடங்கள்ல "பிளிங்கி" விதி கொண்டு வந்தாங்க. ஈஎஸ்சியில டைமிங் பூஜ்யத்துல இருந்தா அதோட விளக்கு மினுக்கும், அதைக் காட்டிட்டுத்தான் டிராக்குல இறங்கணும். அதாவது காசுப் போட்டி மோட்டாருக்குள்ள இருந்து ஈஎஸ்சிக்குப் போச்சு, ஒழியலை.

நம்ம நாட்டுல இன்னொரு பாரம் இருக்கு. இந்த ஹாபிக்குப் பெரும்பாலான சாமான் இறக்குமதி. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்ல 20%லிருந்து 60% ஆச்சு, 2023ல் 70% ஆச்சு. பெட்டி மேல என்ன எழுதியிருக்கு, எந்தத் தலைப்புல வரி போடுறாங்கங்கிறதைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். நான் போன மாசம் விசாரிச்சப்போ சென்சார் வச்ச ஒரு சாதாரண செட் பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. "எல்லாரும் மாறிடுங்க"ன்னு வாட்ஸப்ல கைதூக்குற எமோஜி போடுறது சுலபம். அந்த ஆட்டோக்காரர் வீட்டுல பத்தாயிரம்னா என்னன்னு வட்டிக் கணக்கு பார்க்குற எனக்குத் தெரியும்.

அதனால என் கருத்து இது. மாறலாம், மாறணும். பிரிச்சுப் பூட்டுற பிரஷ்டு வகுப்பை மூடிடலாம், அதுல முதல் நஷ்டம் எனக்குத்தான். பெரியவங்களுக்கு 17.5 டர்ன், சென்சார் மோட்டார், பிளிங்கி மட்டும், கியர் விகிதத்துக்கு ஒரு உச்சவரம்பு. புதுசா வர்றவங்களுக்கும் பசங்களுக்கும் சில்வர் கேன் வகுப்பு தொடரணும். அதுலயும் ஒரு ஓட்டை உண்டு. பத்து சில்வர் கேன் வாங்கினா பத்தும் ஒரே மாதிரி ஓடாது, வசதி உள்ளவன் பத்தும் வாங்கி நல்லதைப் பொறுக்கி வச்சுக்குவான். அதனால மோட்டாரை குரூப்பே வாங்கி, ரேஸ் அன்னிக்குக் காலையில சீட்டுக் குலுக்கிக் குடுக்கணும், சாயந்திரம் திரும்ப வாங்கிக்கணும்.

பிரஷ்டை அடியோட ஒழிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்குக் காசு மட்டும் காரணமில்லை. என் பையன் கரண்ட்டு எப்படிச் சுத்தலா மாறுதுன்னு புரிஞ்சுக்கிட்டது, செத்துப்போன ஒரு சில்வர் கேனை அறுத்துப் பார்த்துத்தான். கார்பன் தேய்ஞ்சிருந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுது. பிரஷ்லெஸ்ல மூளை எல்லாம் ஈஎஸ்சிக்குள்ள. கெட்டா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கத்தான் முடியும்.

மாறுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஈஎஸ்சியை லிப்போ பேட்டரியோட ஓட்டாதீங்க. நிக்கல் பேட்டரி காலத்து ஈஎஸ்சி பலதுல, வோல்ட் இறங்கினா நிறுத்துற வசதி கிடையாது. லிப்போ ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போனா கெட்டுடும், அப்புறம் அதைச் சார்ஜ் பண்றது ஆபத்து. பசங்க கையில குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க.

எதிர்ப்பு வரும்னு தெரியும். "ரெண்டு வகுப்பு வச்சா ரேஸுக்கு ஆள் பத்தாது சர்"னு ஒரு மராத்தி நண்பர் இப்பவே சொல்லிட்டார். நியாயமான கேள்விதான். இருபது பேர் பன்னெண்டும் எட்டுமாப் பிரிவோம். ஆனா எல்லாரையும் பிரஷ்லெஸ்ஸுக்குத் தள்ளினா அந்த எட்டு பேர்ல எத்தனை பேர் அடுத்த வருஷம் வருவாங்க? பன்னெண்டு பெரியவங்க ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கிட்டு ஓட்டுறதுக்குப் பேர் ரேஸ் இல்லை.

லேத்தை விக்கிறதா முடிவு பண்ணிட்டேன். வர்ற காசு குரூப் சில்வர் கேன் மோட்டாருக்கு. ஓட்டெடுப்புல தோத்தாலும் அந்தப் பணம் அதுக்குத்தான்.

மிக்ஸிக்கு கார்பன் மாத்தியாச்சு, அம்பது ரூபாய். பையன்தான் மாத்தினான், நான் டார்ச் பிடிச்சேன்.

டிஸ்கி: லேத் விக்கிற விஷயம் வீட்டம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதை வாங்கின விஷயமே தெரியாதுங்கிறது வேற கதை :-)