இரவில் பிடிக்கும் கெண்டைக்கால்

சிரோசிஸ் நோயாளியிடம் நாம் வழக்கமாகக் கேட்பவை சில: வயிறு வீங்குகிறதா, மலம் கறுத்துப் போகிறதா, பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா. ‘இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதா?’ என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. காசநோய்க்கான தாம்பரம் சானடோரியம் 1928-இல் தொடங்கிய காலத்திலிருந்தே இரவு வியர்வையையும் இரவு இருமலையும் விசாரித்துப் பழகிய ஊர் இது. கல்லீரல் நோயாளியின் இரவையும் நாம் விசாரிக்க வேண்டும்.

கேட்டுப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும். குரக்களி பிடிக்குது, நரம்பு சுருட்டிக்குது, விரல் கோணிக்கிட்டு நிக்குது என்பார்கள். சிரோசிஸ் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு வருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவர்களாகச் சொல்வதில்லை. ஈரலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்றே நினைக்கிறார்கள். மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் அதை வேலையின் அலுப்பு என்பார். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் நின்றபடி வருபவர் பயணத்தின் மேல் பழி போடுவார். வயதானவருக்கோ வயதே காரணம்.

சொல்லாமல் விடுவதால் தூக்கம் மட்டும் கெடுவதில்லை. வலி தாங்காதவர் தெருமுனை மருந்துக் கடைக்குப் போகிறார்; அங்கே கிடைப்பது பெரும்பாலும் டைக்ளோஃபினாக். சிரோசிஸில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் புரோஸ்டாகிளாண்டினை நம்பியே நிற்கிறது. அதைத் தடுக்கும் மாத்திரை சிறுநீரகத்தை முடக்கும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், ரத்தக்கசிவுக்கும் வழி திறக்கும். இன்னொருவர், நீர் மாத்திரை போட்ட பிறகுதான் பிடிப்பு வந்தது என்று சரியாகவே கண்டுபிடித்து, தாமாகவே அதை நிறுத்திவிடுகிறார். சில வாரங்களில் வயிறு நிறையத் தண்ணீரோடு வந்து நிற்கிறார். குரோம்பேட்டையிலும் பெரும்பாக்கத்திலும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே நடக்கிற பகுதி இது. இங்கே ஒரு கேள்வி கேட்கப்படாததால் ஒருவரின் சிறுநீரகம் பாழாவதை ஏற்க முடியவில்லை.

காரணம் ஒன்றல்ல. 1996-இல் ஆஞ்செலி குழுவினர் இத்தாலியில் செய்த ஆய்வு, பிடிப்புக்கும் பயனுள்ள ரத்தக் கன அளவு குறைவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அல்புமின் ஏற்றியபோது பிடிப்புகள் குறைந்தன. நீர் மாத்திரைகளான ஃபுரோசிமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் அந்தக் குறைவை மேலும் கூட்டக்கூடியவை. நம் ஏப்ரல், மே வெயிலில் வியர்த்துக் கொட்டுபவருக்கு அதே அளவு மாத்திரை அதிகமாகிவிடலாம். ஆகவே முதல் வேலை சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின் பார்ப்பது. குறையை ஈடு செய்து, தேவைப்பட்டால் நீர் மாத்திரையைக் குறைக்க வேண்டும். நடமாட்டத்தையே முடக்கும் அளவுக்குப் பிடிப்பு இருந்தால் நிறுத்தவும் வேண்டும்.

அதற்குப் பிறகும் தொடர்ந்தால், ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் அல்புமினையோ பாக்லோஃபெனையோ பரிந்துரைக்கிறது. பாக்லோஃபெனை நாளுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 10 வீதம் கூட்டி 30 வரை போகலாம். ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து, மூளையையும் மந்தப்படுத்தும். கிரியாட்டினின் ஏறியவருக்கும் முன்பு நினைவு தடுமாறியவருக்கும் எழுதும் முன் பலமுறை யோசிக்க வேண்டும். டாரினுக்கு 2018-இல் வந்த சிறிய ஆய்வு நம்பிக்கை தருகிறது. பழைய குயினைன் வேண்டாம். தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்தவர்களிடம் அவற்றை இன்னும் குறைக்கும் அபாயம் அதற்கு உண்டு.

செலவே இல்லாத ஒரு வழியும் வந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எலியட் டேப்பர் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 82 சிரோசிஸ் நோயாளிகள் பங்கேற்றனர். பிடிப்பு தொடங்கியதும் ஒரு சாராருக்கு வெள்ளரி ஊறுகாயின் உப்புப் புளிப்பு நீர் ஒரு வாய், மற்றவருக்குக் குழாய்த் தண்ணீர். 10 புள்ளி அளவுகோலில் பிடிப்பின் கடுமை ஊறுகாய் நீரால் 2.25 குறைந்தது, தண்ணீரால் 0.36 மட்டுமே. வயிற்றில் நீர் உள்ளவர்களுக்கு அதனால் எடை கூடவில்லை. வாழ்க்கைத் தரக் கணக்கில் மட்டும் முன்னேற்றம் தெரியவில்லை. உப்பு ரத்தத்தில் சேர்ந்து வேலை செய்வதாகத் தோன்றவில்லை. மில்லர் குழு 2010-இல் ஆரோக்கியமானவர்களுக்கு ஊறுகாய் நீர் கொடுத்துச் செய்த சோதனையில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்திலேயே பிடிப்பு விட்டது. அதற்குள் எதுவும் குடலில் உறிஞ்சப்பட்டிருக்க முடியாது. தொண்டையில் படும் புளிப்பு ஓர் அனிச்சைச் செயலைத் தூண்டி, தசையை இயக்கும் நரம்பை அடக்குகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இதைச் சொன்னதும் நம் வீட்டார் எண்ணெயில் மிதக்கும் ஆவக்காய் ஜாடியைத் திறப்பார்கள். அது இதுவல்ல என்று அங்கேயே விளக்க வேண்டும். ஆய்வில் இருந்த நீருக்குக் கிட்டத்தில் வருவது மாவடு ஊறிய தண்ணீர். ஆனால் அதை யாரும் சோதித்ததாக நான் படித்ததில்லை. உப்பும் காரமும் வீட்டுக்கு வீடு மாறும். சிறிது வினிகர் கலந்த நீர்த்த உப்புநீரை, பிடிப்பு வந்த நேரத்தில் மட்டும் ஒரு தேக்கரண்டி என்று நான் சொல்கிறேன். தினமும் குடிக்கும் மருந்தாக அதை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. படுக்கும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்கச் சொல்லலாம், அதில் கெடுதல் ஒன்றுமில்லை.

நோயாளியின் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ‘ஈரல் நோய் உள்ளவர், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையோ ஊசியோ தரக்கூடாது’ என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். மருந்துக் கடைக்காரர் படிக்கும்படி எழுதுங்கள். அதன் கீழே, சென்ற வாரம் எத்தனை இரவு பிடித்தது என்று ஒவ்வொரு வருகையிலும் குறித்துவைக்க ஒரு வரி விடுங்கள்.