பாட்டியின் வெந்நீரும் பேரனின் ஏர்கோனும்

சென்ற மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்து ஆறேழு ஆண்டுகளான குடும்பம். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். குளியலறைச் சுவரில் சுடுநீர்க் கருவி இருக்கிறது. ஆனால் அதன் சுவிட்சை யாரும் தட்டிவிடாதபடி மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"ஏன் பாட்டி, வெந்நீர் இல்லையா?" என்று கேட்டேன்.

"கரண்டு பில்லு ஏறிப் போச்சு தம்பி. அந்தப் பெட்டி மூவாயிரத்து அறுநூறு வாட்டாம். பிள்ளைங்க சம்பாதிக்கிறதெல்லாம் கரண்டுக்கே போனா எப்படி? எனக்கென்ன, பழகின தண்ணிதானே" என்றார்.

மருமகள் பின்கட்டிலிருந்து வந்தார். "நான் நல்லாப் பார்த்துட்டுத்தான் நிறுத்தினேன் மாமா. தம்பி அறையிலே இருக்கிற ஏர்கோன் எண்ணூற்று ஐம்பது வாட்டுதான். இது அதைப்போல நாலு மடங்கு!"

கணக்குத் தெரிந்த பெண்தான். ஆனால் கணக்கில் பாதியை மறந்துவிட்டார். மறந்தது நேரத்தை.

பாட்டி அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். ஆகவே அவரிடமே கேட்டேன். "பாட்டி, ஒரு மரம் வேகமா வடிஞ்சு சீக்கிரம் நின்னுடுது. இன்னொரு மரம் மெதுவா, ஆனா ரொம்ப நேரம் வடியுது. எதுலே பால் அதிகம்?"

"மங்கைப் பார்த்தாத்தானே தெரியும்! வடியிற வேகத்துக்கா கூலி கொடுத்தாங்க? நிறுவைக்குத்தானே கூலி" என்றார் பாட்டி.

அவ்வளவுதான் விஷயம். வாட் என்பது வடியும் வேகம். யூனிட் என்பது மங்கில் சேர்ந்த பால். மின்சார வாரியம் நம்மிடம் காசு வாங்குவது வேகத்துக்கு அல்ல, சேர்ந்த அளவுக்கு. 1,000 வாட் ஒரு கிலோவாட். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட்-மணி. அதைத்தான் நாம் ஒரு யூனிட் என்கிறோம்.

இப்போது கணக்கைப் போடுவோம். சுடுநீர்க் கருவி 3,600 வாட், அதாவது 3.6 கிலோவாட். பாட்டி குளிப்பது 10 நிமிடம். ஒரு மணியில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே 0.6 யூனிட். மாதம் 30 நாளும் குளித்தால் 18 யூனிட்.

ஏர்கோன் 850 வாட். பேரன் வேலை முடிந்து வந்து 8 மணி நேரம் போட்டுத் தூங்குகிறான். ஓயாமல் ஓடினால் 6.8 யூனிட். அறை குளிர்ந்ததும் எந்திரம் இடையிடையே நின்று நின்று ஓடும் என்பதால் 5 யூனிட் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 150 யூனிட். பாட்டியின் வெந்நீரைப்போல் எட்டு மடங்கு!

மருமகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா ஏர்கோன் மேலே 'ஒரு குதிரைச் சக்தி'ன்னு போட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் வாட் (1736-1819) நீராவி எந்திரம் விற்றபோது, "இது இத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும்" என்று சொல்ல வைத்த அளவுதான் குதிரைச் சக்தி. ஒரு குதிரைச் சக்தி என்பது ஏறத்தாழ 746 வாட். ஆனால் ஏர்கோன் கடையில் 'ஒரு குதிரை' என்றால் அது பெட்டியின் பருமனைச் சொல்லும் வழக்கு. பொதுவாக மணிக்கு 9,000 பி.டி.யூ. அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் பெட்டி என்று பொருள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாகை பாரன்ஹீட் சூடேற்றத் தேவைப்படும் வெப்பமே ஒரு பி.டி.யூ. ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 3,412 பி.டி.யூ.வுக்குச் சமம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணிக்கு 9,000 பி.டி.யூ. என்பது 2.6 கிலோவாட்டுக்கு மேல். பெட்டி இழுப்பதோ 0.85 கிலோவாட்தான். எப்படி? ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. சுமைகூலிக்கு மட்டுமே மின்சாரம் செலவாகிறது. சுடுநீர்க் கருவியோ தானே வெப்பத்தை உண்டாக்க வேண்டும். அதனால்தான் அதன் வாட் அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

அதற்காகப் பேரனைக் கோபிக்க வேண்டாம். இரவு முழுதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து, வெயில் ஏறிய பகலில் தூங்க வேண்டிய பிள்ளை. அவனுக்குச் சொன்னது இவைதான். 18 பாகையில் வைத்தால் சாதாரண ஏர்கோன் வேகமாகக் குளிரூட்டாது, நிற்காமல்தான் ஓடும். 25 பாகையில் வைத்து, கூடவே காற்றாடியைப் போடலாம். 60 வாட் காற்றாடி 8 மணி ஓடினாலும் அரை யூனிட்டுக்குள்தான். கதவு, சன்னலை நன்றாக மூட வேண்டும். பெட்டியின் வலையில் அடைந்த தூசியை அடிக்கடி கழுவ வேண்டும்.

வாசகர்களே, இன்றிரவு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் பின்னாலும் வாட் எழுதியிருக்கும். அதை நாளொன்றுக்கு ஓடும் மணியால் பெருக்கி, 1,000 ஆல் வகுத்து எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடும். பில்லைத் தின்பது எது என்று தாளே சொல்லும். அதைப் பார்க்காமல், கேட்டால் மறுக்காத வயதானவர்களின் சுகத்தில் முதலில் கை வைக்காதீர்கள்.

நான் புறப்படும்போது மருமகள் குளியலறைக்குள் போனார். சர்ரென்று பிளாஸ்டரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. "அத்தை, நாளைக்கு வெந்நீரிலேயே குளிங்க" என்றார்.

பாட்டி விடவில்லை. "பத்து நிமிஷம் எதுக்கும்மா? எட்டு நிமிஷம் போதும்" என்றார்.