பிறந்த குழவியின் முதல் திங்கள்

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் காப்புப் பருவத்தை மூன்றாந் திங்களுக்கும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாந் திங்களுக்கும் உரியவாக வைத்து, இவ்வாறே ஒற்றைப்பட்ட திங்களாகச் சென்று இருபத்தொன்றாந் திங்களில் முடிப்பர் என்பது மரபு. வகுப்பில் இதனைக் கற்ற நாளில், முதலிரு திங்கட்கும் பாட்டில்லாமைக்குக் காரணம் யாதென வினவ எமக்குத் தோன்றிற்றில்லை. அம்பத்தூரில் எம் இல்லத்தில் தமக்கையார்க்கு ஆண்மகவு பிறந்த பின்னரே அவ்வினா எழுந்தது. பிழைக்குமோ பிழையாதோ என்னும் அச்சம் நீங்கிய பின்னரே பிள்ளையைப் பாடுதல் தகும் என்று முன்னோர் கருதினர் போலும். இஃது எம் ஊகமேயன்றி எம் ஆசிரியர் கூறியதன்று. பிழையாயின் அவர் பொறுப்பாராக.

ஊகம் எவ்வாறாயினும் கணக்கு அதற்குத் துணைநிற்கின்றது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரங் குழவிகளுள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன 13. அவற்றுள் 9 முதல் இருபத்தெட்டு நாட்களுக்குள்ளேயே இறந்தன. புலவர் பாடாது விட்ட அச்சிறு காலத்திலேதான் கூற்றுவன் மிகுதியும் நடமாடுகின்றான். குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கும் எடை குறைந்தவற்றுக்கும் தனிப் பிரிவுகளும் கருவிகளும் உள. அவை பற்றி எழுதும் தகுதி எமக்கில்லை. யாம் ஈண்டுப் பேசப் புகுந்தது நலமாய்ப் பிறந்த குழவியைப் பற்றி. நலமாய் இருக்கின்றது என்ற அவ்வொரு சொல்லைக் கேட்டவுடனே எல்லாருடைய கண்களும் அதனை விட்டு நீங்கிவிடுகின்றன. இதுவே எம் வழக்கு.

நல்ல செவிலி அவ்வாறு கண்ணை எடுப்பதில்லை. குழவி பிறந்த அந்நொடியே உலர்ந்த வெதுவெதுப்பான துணியால் ஈரம் போகத் துடைத்து, தாயின் வெறு மார்பின்மேல் கிடத்துகின்றாள். இருவரையும் சேர்த்துப் போர்த்துகின்றாள். இதில் அன்பு மட்டுமன்று, இயற்கை நூலும் உளது. ஈரம் ஆவியாகும்போது உடலின் சூட்டைக் கொண்டு செல்லும். பெரியோர் குளிரில் நடுங்கிச் சூடு பெறுவர், பச்சிளங் குழவிக்கோ நடுங்கவும் வலியில்லை. தாயின் மார்பே அதற்குக் கணப்பு. உடற்சூடு 36.5 முதல் 37.5 பாகை வரை நிற்றல் வேண்டும். கொப்பூழ்க்கொடியையும் உடனே அறுத்துவிடாது ஒரு நிமிடமேனும் பொறுத்துக் கட்டுதல் நன்று. அச்சிறு பொழுதிலே நஞ்சுக்கொடியினின்று குருதி குழவிக்கு வந்து சேர்ந்து, பின்னாளில் இரும்புச்சத்துக் குறையாமல் காக்கின்றது.

1952-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மயக்கமருந்து மருத்துவராகிய வர்ஜீனியா ஆப்கார் அம்மையார் ஓர் எளிய அளவுகோலை வகுத்தார். நெஞ்சத்துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டினால் முகஞ்சுளித்தல், நிறம் என்னும் ஐந்தனையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு என எண்ணிடுவது அது. முதல் நிமிடத்தும் ஐந்தாம் நிமிடத்தும் இட்டுப் பார்ப்பர். கண்ணும் காதும் கையும் அன்றி வேறு கருவி வேண்டாத இவ்வளவை இன்றும் பேறுகால அறைகளில் வழங்கி வருகின்றது. தேர்வுகளிலே உழலும் எம்மனோர்க்கு, உலகிற் பிறந்த முதல் நிமிடத்திலேயே மதிப்பெண் உண்டென்பது சிறிது நகைப்பையும் தந்தது.

பின்னர்ச் செவிலி எடை பார்க்கின்றாள். உச்சிக்குழியையும் அண்ணத்தையும் முதுகந்தண்டையும் மலவாயையும் தடவிப் பார்க்கின்றாள். நிமிடத்துக்கு மூச்சு முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டதா என எண்ணுகின்றாள். குருதிக்கசிவைத் தடுக்கத் தொடையில் வைட்டமின் கே ஊசி. பின் போலியோ சொட்டும், காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கும் உரிய தடுப்பூசிகளும். குளிப்பாட்டலை ஒரு நாளேனும் தள்ளிவைத்தல் வேண்டும் என்பர் அறிந்தோர். பிறந்து ஒரு மணிக்குள் தாய்ப்பால் ஊட்டல் வேண்டும். இதிலேதான் நாம் பின்தங்கினோம். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்துப் பேறுகளில் நூற்றுக்கு 99.6 மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. ஆயினும் ஒரு மணிக்குள் பாலுண்ட குழவிகள் நூற்றுக்கு அறுபதளவே. அறுவை மூலம் பிறந்தவை நூற்றுக்கு நாற்பத்தைந்தை எட்டியதும் இதற்கு ஒரு காரணமாகலாம். தாய் மேசைமேற் கிடக்க, குழவி வெளித் தாழ்வாரத்தில் உறவினர் கைக்குக் கை மாறுகின்றது; ஒளிப்படம் எடுக்கப்படுகின்றது. அந்த ஒரு மணி உறவினர்க்கு உரியதன்று என்று சொல்லும் துணிவு ஒருவர்க்கேனும் வேண்டும்.

மருத்துவமனைக் கதவைப் பெண்டிர்க்குத் திறந்த வரலாறு நெடியது. சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844-இலேயே தோன்றிற்று. எனினும் 1890-களில் திண்டிவனத்தில், ஓரிரவிலே மூன்று இல்லத்து ஆடவர் தம் மனைவியர் பேற்றுநோயால் வருந்துகின்றனர் என்று உதவி வேண்டி வந்தனர். அவ்வீட்டு மருத்துவர் ஆடவராதலின் அவரை அழைத்துச் செல்ல மறுத்துவிட்டனர். அவர் மகளாகிய ஐடா ஸ்கடர் மருத்துவம் கல்லாதவர். விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அம்மகளே மருத்துவம் கற்று 1900-இல் திரும்பி வேலூரிற் பணி தொடங்கி, 1909-இல் செவிலியர் பள்ளியையும் நிறுவினார். இன்று மருத்துவமனைக்கு வர மறுப்பாரில்லை. போர்க்களமோ இடம் மாறிவிட்டது. பேற்றறையில் இருந்த இடர் இப்பொழுது வீடு திரும்பிய மூன்றாம் நாளிலும் நான்காம் நாளிலும் வந்து ஒளிந்திருக்கின்றது என்பது எம் துணிபு.

எம் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லுவோம். தமக்கையார் பேறு முடிந்து வீட்டிற்கு வந்தபோது, மருத்துவமனையார் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினர். அதனைப் படித்துக் காட்டுவார் அங்கு ஒருவரும் இலர்; யாமும் அதனை அலமாரியில் வைத்து மறந்தோம். நான்காம் நாள் குழவியின் முகம் மஞ்சள் பூத்தது. எம் பாட்டியார், பிறந்த பிள்ளைக்கு இஃது இயல்பே, இளவெயிலிற் காட்டினால் போம் என்றார். குழவியோ அழாமல், தொந்தரவு செய்யாமல், பெரும்பொழுது உறங்கிக் கிடந்தது. வந்தவரிடமெல்லாம் "எவ்வளவு நல்ல பிள்ளை!" என்று யாம் பெருமை பேசினோம். அன்று மாலை வந்த சுகாதாரச் செவிலியிடமும் அவ்வாறே பேசினோம். அவ்வம்மையார் முகம் மாறிற்று. பால் குடித்து எவ்வளவு நேரமாயிற்று, இன்று எத்தனை துணி நனைந்தது என்று கேட்டார். எவரும் எண்ணி வைக்கவில்லை. குழவியின் நெற்றியிலும் மார்பிலும் தொடையிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். உள்ளங்கால் வரை மஞ்சள். "உறங்குகிறதன்று, தம்பி, சோர்ந்து கிடக்கிறது. இப்பொழுதே புறப்படுங்கள்" என்றார்.

இரண்டு நாள் நீல ஒளியின் கீழ்க் கிடத்திய பின் மஞ்சள் இறங்கிற்று. இறங்காது மிகுந்திருப்பின், அம்மஞ்சட் பொருள் மூளையிற் படிந்து செவிப்புலனையும் அறிவையும் கெடுத்திருக்கக் கூடும் என்று பின்னரே அறிந்தோம். பாட்டியார் கூற்றும் முழுதும் பொய்யன்று. 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்னும் செவிலி, குறைமாதக் குழவிகளை வெயிலிற் கொண்டு சென்றபோது, வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாய் நின்றதைக் கண்டு மருத்துவர்க்குக் காட்டினார். அதிலிருந்தே ஒளி மருத்துவம் பிறந்தது. பாட்டியாரும் வார்டு அம்மையாரும் ஒன்றையே கண்டனர். எவ்வளவு மஞ்சளுக்கு எவ்வளவு ஒளி என்று அளந்தறிந்ததே வேறுபாடு. முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சளும் கைகால் வரை பரவும் மஞ்சளும் வெயிலுக்கு அடங்குவன அல்ல.

ஆகவே பாட்டியாரை இகழ்வார் கூட்டத்தில் யாம் சேரோம். சேனை வைத்தலும், சீம்பாலைப் பீச்சிக் கழித்தலும், கழுதைப்பால் புகட்டலும், வசம்பு உரைத்துக் கொடுத்தலும், சாம்பிராணிப் புகையிற் பிள்ளையைக் காட்டலும் விட வேண்டியனவே. சேனையாக வைக்கும் தேன்துளியில் கொடிய நச்சுநுண்ணுயிர் இருத்தல் கூடும். சீம்பாலோ நோயெதிர்க்கும் ஆற்றல் நிறைந்த முதல் மருந்து. ஆயினும் பிள்ளை பெற்றவளைத் தனியறையில் வைத்து, வருவார் போவாரைத் தடுத்த பழைய தீட்டு வழக்கம், காரணம் வேறாயினும், குழவிக்கு நன்மையே செய்தது. இரவெல்லாம் விழித்திருக்கப் பாட்டியையன்றி யார் உளர்? நனைந்த துணியை எண்ணவும் மூச்சைக் கணக்கிடவும் அவருக்குக் கற்பிக்காமல், அறியாமை அறியாமை என்று பழித்தல் முறையாகாது. மகாராட்டிரத்துக் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவ இணையர் சிற்றூர்ப் பெண்டிர்க்கு இவற்றையே கற்பித்து, பச்சிளங் குழவிகளின் சாவைப் பாதிக்கு மேலும் குறைத்தனர் என்பதை 1999-இல் உலகறிந்தது. மருத்துவமனையிற் பிறந்த குழவியை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீடு சென்று காணும் முறை நம் நாட்டில் அதன்பின் வகுக்கப்பட்டதே.

நம் பக்கத்து நிலைமை சிறிது வேறு. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் தொழிற்சாலைகளை நாடி வந்து வாடகைக்கு இருப்போர் பலர். ஓரிடத்திற் பெயர் பதிந்து, தாய்வீடு சென்று பிள்ளை பெற்று, வேறிடம் திரும்புவோர் உளர். ஒடியமும் இந்தியும் பேசி, பாட்டியை ஊரில் விட்டுவந்த இளந்தாயரும் உளர். மூன்றாம் நாள் செவிலி தேடி வரும்போது அவர்கள் எந்த முகவரியில் இருப்பர்? சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சியளிக்கும் பொதுச்சுகாதார நிறுவனம் பூவிருந்தவல்லியிலேயே உளது. அவர்தம் மொழியிற் பேசவல்ல பெண்டிர் சிலரை அவ்வத் தெருவிலிருந்தே தெரிந்து பயிற்றுதல் அருஞ்செயலன்று. வீடு திரும்புமுன் அத்தாளைத் தாய்க்கும் பாட்டிக்கும் படித்துக் காட்டுதற்குக் கால்மணி நேரம் போதும். அக்கால்மணி செவிலிக்கு வாய்க்க வேண்டுமாயின், அவள் பொறுப்பிலுள்ள கட்டில்களின் தொகை குறைதல் வேண்டும். இதனைச் செவிலியர் மட்டுமே கேட்க, நாம் வாளாவிருத்தல் ஏனோ?

எம் வீட்டுப் பின்வரிசையில் சென்ற திங்கள் ஒடிசாவைச் சேர்ந்த ஓர் இளந்தாய் பெண்மகவோடு வந்திறங்கினாள். எம் பாட்டியார் அலமாரியிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு, எம்மையும் கடிகாரத்தோடு உடனழைத்துச் சென்றார். மொழி இருவர்க்கும் தெரியாது. குழவியின் துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை எம்மை எண்ணச் சொன்னார். நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு. உள்ளங்கால் சிவந்தே இருந்தது. நனைந்த துணிகளைப் பாட்டியார் விரல்விட்டுக் காட்டிக் கேட்க, அப்பெண் நகைத்து ஏழு விரல் காட்டினாள்.