இசைத்தட்டும் ஒரு தொகைநூலே

‘ஆல்பம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் யாது என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. ‘இசைத்தட்டு’ என்பர் சிலர். கருந்தட்டு மறைந்து, ஒலிநாடா மறைந்து, குறுந்தட்டும் மறைந்துவரும் இந்நாளில் அப்பெயர் பொருந்துமாறில்லை. ‘பாடல் தொகுப்பு’ என்பர் வேறு சிலர். யானோ நம் முன்னோர் வழங்கிய ‘தொகை’ என்னும் சொல்லே சாலும் என்பேன். எட்டுத்தொகை என்று சொல்லுகின்றோமே, அந்தத் தொகைதான். இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. பெயர் மாறுமாயின் கேட்கும் முறையும் மாறும் என்னும் நம்பிக்கையினாலேயே இதனை எழுதப் புகுந்தேன்.

தொகை என்பது கூடையில் அள்ளிப் போட்ட பூவன்று, தொடுத்த மாலை. அகநானூற்றை எடுத்துக் கொள்க. அதன்கண் உள்ள பாட்டுக்கள் 400. ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்பட்ட எண் பெற்றன யாவும் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்தும் இருபதும் முதலியன நெய்தல். இம்முறையால் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் தனித்தனி 40 என அமைந்தன. ஒரு பாட்டின் எண்ணைச் சொன்ன அளவிலே அதன் திணையைச் சொல்லிவிடலாம். இவ்வாறு தொகுத்தவர் உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் என்பர். அவர் இவ்வரிசையை வகுத்ததனால், பிரிவைப் பாடும் பாலை ஒன்றுவிட்டு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வந்து நம் நெஞ்சைத் தொடுகின்றது. அவ்வரிசையைக் குலைத்துவிட்டால் பாட்டுக்கள் அழியா, தொகை அழிந்துபோம்.

மேனாட்டார் ‘ஆல்பம்’ என்று வழங்குவதும் தோற்றத்தில் ஒரு புத்தகமே. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட நேரத்திற்குமேல் இசை அடங்காது. நீண்ட இசை நாடகம் ஒன்றைக் கேட்க வேண்டுமாயின் பல தட்டுக்கள் வேண்டும். அவற்றைப் படம் ஒட்டும் ஏடு போன்ற உறைகளிலிட்டுக் கட்டி விற்றனர். பெயரும் அதனால் வந்தது. 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தார் நெடுந்தட்டை வெளியிட்டபின் ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்திற்குமேல் கேட்க வாய்த்தது. அதன்பின், எப்பாட்டை முதலில் வைப்பது, எதனால் முடிப்பது, தட்டைத் திருப்பும் இடத்தில் எதனை நிறுத்துவது என்று எண்ணுதலும் இசைவாணர் தொழிலின் ஒரு கூறாயிற்று.

விளையாட்டரங்குகளில் பெருங்கூட்டத்தின் முன் மின்கிதார் முழங்கப் பாடிய அமெரிக்க ராக் குழுவினரும் இவ்வாறே எண்ணினர். 1973-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஜர்னி என்னும் குழுவின் ‘டோன்ட் ஸ்டாப் பிலீவின்’ என்ற பாட்டை நம் விடுதி மாணவருள் அறியாதார் சிலரே. ஆயின் அப்பாட்டு 1981-இல் வந்த ‘எஸ்கேப்’ என்னும் தொகையின் தலைப்பாட்டு என்பதையும், அத்தொகை ‘ஓப்பன் ஆர்ம்ஸ்’ என்னும் மெல்லிய காதற் பாட்டில் வந்து அடங்குகின்றது என்பதையும் அறிந்தார் எத்துணையர்? 1975-இல் வந்த முதல் தொகை தொட்டு வரிசையாகக் கேட்பார்க்கு, கருவியிசையில் மிகுதியும் நாட்டங்கொண்ட ஒரு குழு, ஸ்டீவ் பெர்ரி என்னும் பாடகர் சேர்ந்து 1978-இல் ‘இன்ஃபினிட்டி’ வெளிவந்தபின் எவ்வாறு வேறொன்றாயிற்று என்பது புலனாகும். சிறந்த பாட்டுக்களை மட்டும் பொறுக்கி 1988-இல் வெளியிட்ட தொகுதி அவ்வரலாற்றைச் சொல்லாது. (அக்குழுவின் பாட்டுக்களில் இரைச்சல் மிகுதி என்பது என் கருத்து. அது வேறு வழக்கு.)

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழ்நாட்டில் வெளிவந்த இசைத்தட்டுக்களில் பெரும்பாலன திரைப்படப் பாட்டுக்கள். அவற்றின் வரிசையை வகுப்பது கதை, அன்றேல் விற்பனை. இசையமைத்தவர் தம் எண்ணப்படி தொடுத்த மாலை அன்று அது. ஆதலின் ஒவ்வொரு பாட்டையும் தனிப்பாடலாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அதில் குற்றமில்லை, தனிப்பாடலுக்கும் தமிழில் தனிப்பெருமை உண்டு. ஆனால் தொகையாகவே பிறந்த ஒன்று நம் கையில் வரும்போதும் அதனைப் பிய்த்துத் தின்னும் வழக்கம் நம்மை விடுவதில்லை.

இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையுலகிற்கு அறிமுகமானவர். ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களுக்கு இசை அமைத்தவர். அவர்தம் திரைப்பாட்டுக்களை அறியாத தமிழர் இலர். திரைக்கு அப்பால் அவர் தாமே வகுத்து வெளியிட்ட தொகைகளோ மிகச் சில. அவற்றுள் மூன்று முதன்மையானவை: 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’, 1988-இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’, 2005-இல் வந்த ‘திருவாசகம்’. எண்ணிக்கை சிறிது. ஆயினும் அவருடைய கருத்தை அவர் வாய்மொழியாகவே கேட்க விரும்புவார் செல்ல வேண்டிய இடம் இதுவே என்பது என் துணிபு.

முதற்றொகையின் பெயரே ஒரு வினா. ‘இதற்கு என்ன பெயரிடுவது?’ என்பது அதன் பொருள். செருமானிய இசைப்புலவர் பாக் என்பாருக்கும் திருவையாற்றுத் தியாகராசருக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அதில் பத்து உருப்படிகள் உள்ளன. ஆறாவதன் பெயர், சிற்றவை இசை தியாகராசரை வரவேற்கின்றது என்னும் பொருளது. ஏழாவதன் பெயர் ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்பது. எட்டாவதன் பெயர் ‘பின்பு நாங்கள் உரையாடினோம்’ என்பது. ஒன்பதாவது ‘ஒப்பிடாதே’. அன்பர்களே, இப்பெயர்களை ஒருமுறை தொடர்ந்து படித்துப் பாருங்கள். ஏழும் எட்டும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள் அல்லவா? முதலில் விருந்தினர் ஒருவரை வரவேற்று, அடுத்து மற்றொருவரைச் சந்தித்து, இருவர் கலையும் கலந்து உரையாடிய பின்னர், ‘இவரில் யார் பெரியர்?’ என்று கேட்க வாயெடுப்பவனை ‘ஒப்பிடாதே’ என்று அடக்குகின்றார். ஏழாவதில் பாக் தனி வயலினுக்கென இயற்றிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை ஒலிக்க, அதனைச் சுற்றி இவருடைய நரம்பிசை எழுகின்றது. அதனை மட்டும் தனியே கேட்டால் அரிய வித்தை ஒன்றைக் கண்டதுபோல் வியப்போம், அவ்வளவே. எட்டாவதும் தொடர்ந்து ஒலிக்கும்போதுதான், வந்த விருந்தினருக்கு வீட்டுக்காரர் விடை கூறுவது கேட்கும். கைப்பேசிச் செயலி இப்பத்தையும் தன் மனம்போனபடி கலைத்து, ‘உரையாடினோம்’ என்பதற்குப்பின் எவருடைய குத்துப்பாட்டையோ இசைக்கின்றது. யாருடன் உரையாடினார் என்பது யாருக்குத் தெரியும்?

தன்ராஜ் மாஸ்டர் என்பாரிடம் இளையராஜா மேனாட்டிசை பயின்றது நம் சாந்தோமுக்கு அண்டையிலுள்ள மயிலாப்பூரில்தான் என்பதையும் ஈண்டுக் குறிக்க விழைகின்றேன். பாக்கைச் சந்தித்த வீடு யாண்டோ இருந்ததன்று.

‘நத்திங் பட் விண்ட்’ பற்றி நெடிது எழுதேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலிசை அதன் உயிர். ‘வெறுங்காற்றே’ எனும் பெயரும் குழலுக்கு இசைந்ததே. எனினும் முன்னதில் இருந்த வாதம் இதில் இல்லை. அழகு மட்டும் உண்டு. என் செவிக்கு அது போதவில்லை.

திருவாசகம் வேறு வகையது. கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பார் ராஜ் அவர்களின் முயற்சியால் உருவாகி, ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் வாசிக்க வெளிவந்தது அது. சிவபுராணப் பகுதியில் இடையிடையே வரும் ஆங்கில அடிகளை எழுதியவர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ். மத்தேயு நற்செய்தியைத் தழுவி 1971-இல் அரங்கேறிய ‘காட்ஸ்பெல்’ என்னும் அமெரிக்க இசை நாடகத்திற்குப் பாட்டெழுதியவர் இவரே. திருவாசகத்தை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்ட போப்பையரின் சிலையை, சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி நடப்பார் காணலாம். கிறித்தவர்க்கும் இந்நூலுக்கும் உள்ள உறவு இங்ஙனம் பழையது.

திருவாசகப் பகுதிகள் 51. இளையராஜா எடுத்தவை ஆறு. அவற்றை நூலின் முறைப்படி வைத்தாரா எனின், இல்லை. நூலில் பத்தாவதாக உள்ள திருக்கோத்தும்பி இங்கே முதலாவது. நூலின் முதலாகிய சிவபுராணம் இரண்டாவது. பின்னர் யாத்திரைப் பத்து, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம் என வந்து அச்சப்பத்தில் முடிகின்றது. நூலில் 45-ஆவதாகிய யாத்திரைப் பத்தை மூன்றாவதாக்கி, 35-ஆவதாகிய அச்சப்பத்தை ஈற்றில் நிறுத்தினார். தமிழ் கற்போர் சிலர் இதனைக் குறைகூறக் கேட்டிருக்கின்றேன். ‘புறப்படுவோம் வாருங்கள்’ என்று அடியாரை அழைக்கும் யாத்திரைப் பத்தன்றோ முடிவாக நிற்றல் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர் கூற்றில் நியாயமில்லாமல் இல்லை. யானும் அவ்வாறே எதிர்பார்த்தேன். ஆயினும் குறைகூறுவோர் ஒன்றை ஒப்புக்கொள்கின்றனர்: வரிசைக்குப் பொருள் உண்டு என்பதே அது. தும்பியைத் தூதுவிடும் எளிய விளையாட்டில் தொடங்கி, எதற்கும் அஞ்சாதவன் எதற்கு அஞ்சுகின்றான் என்று கூறும் பத்தில் முடிப்பவர், வீடுபேற்றின் அமைதியோடு நம்மை வீட்டுக்கு அனுப்ப விரும்பவில்லை. உருத்திரசன்மருக்கு உள்ள உரிமையை இளையராஜாவுக்கு மறுத்தல் முறையாகாது. மறுப்பதாயினும் முழுதும் கேட்டபின் மறுக்கலாம்.

வரிசை மட்டுமன்று, பெயர்களும் போகின்றன. பரிபாடலின் இறுதிக் குறிப்புக்களைக் கற்றோர் அறிவர்: பாட்டைப் பாடிய புலவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்று அவை சொல்லும். மருத்துவன் நல்லச்சுதனார் என்பாரை, பாட்டுக்கு இசை வகுத்தவர் என்று நாம் அறிவது அக்குறிப்பினால்தான். பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயர்களும் ஆண்டே உள்ளன. எழுபது பரிபாடல்களில் முழுமையாக எஞ்சியவை 22-தான். அத்துணை அழிவிற்கு இடையிலும் அவை தங்கின. ஓலையைப் படியெடுத்த எவரும் ‘இசை வகுத்தவன் பெயர் எதற்கு?’ என்று அதனை விட்டுவிடவில்லை. 1918-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் விடவில்லை. இசைத்தட்டின் உறையில் அச்சிட்டிருந்தது அத்தகைய குறிப்பேயாகும். இன்று செயலியின் திரையில் வருவதோ, பாட்டின் பெயர், பாடகர் பெயர், பெருவிரலளவு படம். வயலின் வாசித்தவர் யார், குழலூதியவர் யார் என்று தேடுவோன் களைத்துப்போகின்றான். உறையும் பழந்தாள் விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது. பழைய புத்தகங்களுக்கும் பழைய தட்டுக்களுக்கும் புகலிடமாயிருந்த மூர் மார்க்கெட்டு 1985-இல் தீக்கிரையானதை முதியோர் இன்றும் வருந்திச் சொல்லுவர். நெருப்பில்லாமலே அப்பணி இப்போது நடைபெறுகின்றது.

‘ஒரு மணிநேரம் அமர்ந்து கேட்க யாருக்குப் பொழுதுண்டு?’ என்பார்க்கு விடை கூறுவது எளிது. மூன்று மணிநேரத் திரைப்படத்திற்குப் பொழுதுண்டு. ‘தட்டு வாங்கப் பொருளில்லை’ என்பது மெய்யான தடை. நம்மிற் பலர் உதவிச் சம்பளத்தில் படிப்பவர். ஆனால் வரிசையாகக் கேட்பதற்குத் தட்டு வேண்டுவதில்லை. கலைத்து இசைக்கும் பொத்தானை அணைத்துவிடல் அமையும். பொருள் வேண்டுவது உறையைக் காப்பதற்கே. அது தனி மாணவனால் ஆவதன்று; கல்லூரியால் ஆவது.

2025 மார்ச்சு 8-இல் இலண்டன் அப்போலோ அரங்கில் இளையராஜாவின் முதற் சிம்பொனியாகிய ‘வேலியண்ட்’ அரங்கேறியபோது, தமிழ் நாளேடுகள் பெருமிதத்தோடு எழுதின. அப்பெருமிதத்தில் ஒரு சிறு பங்கேனும், நாற்பதாண்டுகளாக நம்மிடையே இருந்தும் முழுதும் கேட்கப்படாத அந்த முதற்றொகைக்குக் கிடைத்திருக்கலாம். பாராட்டுவதற்கு இலண்டன் வரை சென்ற நாம் மயிலாப்பூரைத் தாண்டியன்றோ சென்றோம்?

ஆதலின் நம் தமிழ்த் துறையார்க்கு ஒரு விண்ணப்பம். மேற்கூறிய மூன்று தொகைகளையும் உறையுடனும் குறிப்புடனும் தேடிப் பெற்று நூலகத்தில் வைத்தல் வேண்டும். இலக்கியக் கழகக் கூட்டங்களில் ஓராண்டில் மூன்றை மட்டும் இதற்கென ஒதுக்கி, ஒரு தொகையை முதலிலிருந்து ஈறுவரை இடையறாது இசைப்பித்து, வரிசையைப் பற்றி மாணவர் வாதிடச் செய்யலாம். அகநானூற்று வகுப்பிற்கு அது நல்ல முன்னுரையாகவும் அமையும். திருவாசகத் தொகையை எங்கே வைப்பது, மாணிக்கவாசகர் பக்கமா போப்பையர் பக்கமா என்று நூலகத்தார் தயங்குவாராயின் அவர்க்குச் சொல்வது இது: நம் நூலகத்தில் மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே தட்டில் அடுத்தடுத்தே உள்ளன, இரண்டிற்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் இருக்கின்றது.