வீடு யாருடைய பெயரில்?

திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் 2009 ஒக்டோபர் வரை பெரும்பாலும் பாதையில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தார்கள். பாதை என்றால் இங்கே தெரு அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வரும் மிதவை. கல்யாணம் முடித்துப் பெண் வீட்டில் குடியேறப் போன மாப்பிள்ளைமாரையும் அதே பாதைதான் ஏற்றிச் சென்றது. இன்று அந்த இடத்தில் 396 மீற்றர் நீளப் பாலம் நிற்கிறது. மாப்பிள்ளை வானில் போகிறார். போகும் திசை மட்டும் மாறவில்லை.

குடும்பம் பற்றிப் பேச்செடுத்தால் மேடையிலும் பத்திரிகையிலும் ஒரே புலம்பல்தான் கேட்கிறது: கூட்டுக்குடும்பம் உடைந்துபோயிற்று, மாமியார் மருமகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் போயிற்று. இந்தக் கரைக்கு அது இரவல் புலம்பல். மூன்று ஆண்மக்களும் அவர்களின் மனைவிமாரும் ஒரே அடுப்பில் உண்ட குடும்பம் தமிழகத் திரைப்படங்களில் உண்டு. மூதூரிலும் கிண்ணியாவிலும் அது என்றைக்கும் வழக்கமாக இருந்ததில்லை. இங்கே மகளுக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கு ஒரு வீடு. உறுதி அவள் பெயரில் எழுதப்படும். பெற்றோர் அதே வளவின் பின்பக்கத்துக்கோ, அடுத்த மகளுக்காகப் பக்கத்தில் எழும்பும் வீட்டுக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். சில வருடங்களில் ஒரு கிணற்றைச் சுற்றி அக்கா, தங்கை, சின்னம்மா, அம்மம்மா என்று பெண்களின் வீடுகள் நிறைந்துவிடும். முஸ்லிம் வளவென்றால் சாச்சியும் உம்மும்மாவும்.

தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இது உண்டு. மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்ற வம்ச அடையாளமே தாய்வழியாக இறங்குகிறது. திருகோணமலை நகரில் யாழ்ப்பாணத்துச் சம்பந்தங்கள் அதிகம் என்பதால் வழக்கம் கொஞ்சம் கலந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டமும் சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே வைத்தது. ஆனால் கணவனின் சம்மதமில்லாமல் அவள் அந்தக் காணியை விற்க முடியாது என்ற பூட்டையும் கூடவே போட்டது.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் சொன்ன குடும்பத்தைத்தான் உலகம் முழுவதும் பாடமாகப் படித்தார்கள்: உழைக்கும் அப்பா, வீட்டைக் கவனிக்கும் அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள்; தொழிற்சாலை யுகத்துக்குப் பொருந்திய சிறிய குடும்பம். அதே காலத்தில், திருகோணமலைக்கு அடுத்த அனுராதபுர மாவட்டத்தின் புல் எலிய என்ற குளக்கரைக் கிராமத்தில் ஆய்வு செய்த எட்மண்ட் லீச் வேறொன்றைக் கண்டார். உறவுமுறை என்பது காணியையும் சொத்தையும் விட்டுத் தனியே நிற்கும் ஒன்றல்ல என்று 1961 இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். கிழக்குக்கு லீச்சின் கண்ணாடிதான் பொருந்துகிறது. இங்கே குடும்பம் எப்படி மாறுகிறது என்று அறிய விரும்புகிறவர் முதலில் காணி உறுதியைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது நாகரிகமோ தொலைபேசியோ அல்ல என்று தெரியும். அரசாங்கத்தின் படிவம் அது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. வயல் காணியும் மேட்டுக் காணியும் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டபோது, பத்திரத்தில் ஏறிய பெயர் பெரும்பாலும் ஆணின் பெயர். பின்னுரிமை எழுதப்படாமல் அவர் இறந்தால் வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகன், அதிலும் மூத்தவன். தலைமுறை தலைமுறையாக மகளுக்கு வீடு கொடுத்த சனத்தின் கையில், மகனுக்கே காணி என்ற சட்டம் திணிக்கப்பட்டது. அந்த வரிசையில் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் நிறைவேறியது 2022 இல். இடையில் 87 ஆண்டுகள்.

2004 டிசெம்பர் 26 சுனாமி இந்தப் பிழையை இன்னும் பெரிதாக்கியது. கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் அழிந்த வீடுகளில் பல பெண்களின் சீதன வீடுகள். வடக்கிலும் கிழக்கிலும் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் தடை வந்தது. பிறகு முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா உதவி. புது இடத்தில் புது வீடு, அதற்குப் புதுப் பத்திரம், அதில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் யாரும் யோசிக்காமல் கணவனின் பெயரை எழுதினார்கள். இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கேட்டபோது, ஒரு காணிக்கு ஒரு பெயர்தான் என்று பதில் வந்தது. தாயிடம் இருந்த வீடு கடலோடு போனது. திரும்பி வந்த வீடு தகப்பனுடையது.

அக்கரைப்பற்றில் பல்லாண்டு காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, பற்றீசியா லோரன்ஸுடன் சேர்ந்து சுனாமி வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைக்கும் வீட்டை நாளைய சீதனமாகவே பெற்றோர் பார்த்தார்கள் என்பதை அந்தக் கட்டுரை எடுத்துக்காட்டியது. வெளியாள் அதைப் பேராசை என்று நினைக்கலாம். மகளுக்கு வீடில்லாவிட்டால் கல்யாணமில்லை என்ற ஊரில் அது தாய் தகப்பனின் தவிப்பு.

பெயர் யாருடையது என்பது வெறும் காகித விவகாரம் அல்ல. 2006 இல் போர் சம்பூரைத் துடைத்தெடுத்தது. சனங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஒன்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்து 2015 இலும் 2016 இலும்தான் காணிகளுக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களில் கணவனை இழந்த பெண்களும், கணவனைக் காணாமல் தேடிய பெண்களும் இருந்தார்கள். உறுதி தன் பெயரில் உள்ளவள் துக்கத்தோடு வந்தாலும் தன் வளவுக்கு வந்தாள். பக்கத்தில் தங்கை இருந்தாள், அம்மா இருந்தாள். அனுமதிப்பத்திரம் கணவன் பெயரில் இருந்தால், ஆள் இறந்தாரா இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பிரதேச செயலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று சான்றிதழ் பெற 2016 இல்தான் சட்டம் வழிவிட்டது.

2016 ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி இலங்கையின் வீடுகளில் 25.8 வீதம் பெண் தலைமை தாங்கும் வீடுகள். இந்த எண்ணைக் குடும்பச் சீரழிவின் அளவுகோலாகத் தூக்கிக் காட்டுவது அநியாயம். கணவன் உயிரோடு இருக்கும் வீட்டில், உறுதி மனைவியிடம் இருந்தாலும், கணக்கெடுப்பவரிடம் சொல்லப்படும் பெயர் கணவனுடையது. ஆண் இல்லாத பிறகுதான் அவள் தலைவி ஆகிறாள்.

வளைகுடாப் பயணத்திலும் இதே பார்வைதான். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 இல், பிறந்த திகதி மாற்றப்பட்ட கடவுச்சீட்டில் சவூதிக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமி. 2013 ஜனவரி 9 அன்று அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊர் அழுதது, நாடு அழுதது. அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒரு நடைமுறை வந்தது: 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போக முடியாது. கட்டாருக்குப் போகும் தகப்பனிடம் யாரும் அப்படியோர் அறிக்கை கேட்கவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டபோது அது தளர்த்தப்பட்டது. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அரசுக்கு முன்பே இந்த வளவுகள் பதில் வைத்திருந்தன: பக்கத்து வீட்டு அம்மம்மா. அந்த வளவைச் சிதறடித்துவிட்டுத் தாயின் பயணத்தைத் தடுப்பதில் என்ன நீதி?

ஆனாலும் இந்த வழக்கத்தைப் பொற்காலமாக்கிப் பேச முடியாது. மூன்று மகள் உள்ள மீனவருக்கு மூன்று வீடு என்பது ஆயுள் கடன். தங்கைகளின் வீடு எழும்பும்வரை அண்ணனுக்குக் கல்யாணமில்லை. கிண்ணியாவில் பிரித்துக் கொடுக்கக் காணியும் இல்லாமல் போகிறது. போதாததற்கு வீட்டின் மேல் கைக்கூலியும் நகையும் கேட்கும் மாப்பிள்ளை வீடுகள் பெருகியிருக்கின்றன. இன்னொரு முரணும் உண்டு. வீட்டுக்கு உரிமைக்காரியான முஸ்லிம் பெண்ணிடம், 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவளுடைய கல்யாணப் பதிவில் கையொப்பம் கேட்பதில்லை. அவளுக்காக ‘வலி’ எனப்படும் ஆண் பொறுப்பாளர் கையொப்பமிடுகிறார். சொத்துக்குச் சொந்தக்காரியாக இருப்பவள் தன் சம்மதத்துக்கும் சொந்தக்காரியாக இருக்க வேண்டாமா?

ஆகவே காக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு விலையாக வீடு கேட்பதை விட்டுவிடலாம். வீடு பெண்ணின் பெயரில் இருப்பதை விடக்கூடாது. அரச வீட்டுத் திட்டங்களில் இருவர் பெயரும் எழுதப்படட்டும், ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டம் நீங்கட்டும். அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

மூதூர் வீதிகளில் பூசாத சுவரும், கூரை ஏறாமல் வெயிலில் துருவேறும் கம்பிகளுமாக அரைகுறை வீடுகள் நிற்கின்றன. ரியாத்திலிருந்தும் தோஹாவிலிருந்தும் காசு வரும்போது நாலு வரிக் கல் ஏறும், பிறகு ஆறு மாதம் வேலை நிற்கும். உள்ளே குடியிருக்கப்போகிறவள் இப்போதுதான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள்.