வீட்டை யார் பொறுப்பில் விடுவது?

வளைகுடாவில் 20, 25 ஆண்டுகள் உழைத்தவர், அந்த உழைப்பின் மிச்சமாகச் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார். அவரோ கடலுக்கு அப்பால். குடும்பமோ சொந்த ஊரில். குடியிருக்க ஆள் பார்ப்பது முதல் ஒழுகும் குழாயைச் சரிசெய்வது வரை யாரேனும் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். கல்யாணப் புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், அந்த ஒருவரைத் தேடுவதற்கு ஒரு மாலைப் பொழுதைக்கூடச் செலவிடுவதில்லை.

என் சாச்சா தம்மாமில் வேலை பார்த்தவர். குரோம்பேட்டையிலுள்ள தம் வீட்டைப் பள்ளிவாசலில் பழக்கமான ஒரு தரகரிடம் ஒப்படைத்தார். "நல்ல மனிதர், ஜமாஅத்துக்குத் தவறாமல் வருபவர்" என்பதே அவரைப் பற்றிச் சாச்சா அறிந்திருந்த ஒரே செய்தி. வாடகை மாதந்தோறும் ஒழுங்காக வந்தது. 2022இல் குடியிருந்தவர் காலி செய்தபோதுதான், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்ததற்கான ரசீதை நீட்டினார். சாச்சாவின் கைக்கு வந்திருந்ததோ மூன்று மாதத் தொகை. மீதி, தரகரின் வேறேதோ வியாபாரத்தில் கரைந்துபோயிருந்தது. பணம் பெற்றுக் கையெழுத்திடும் அதிகாரத்தை அவருக்கு அளித்தவர் சாச்சா. எனவே, குடியிருந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே ஆனார். "அந்த ஆளைச் சொல்லி என்ன வாப்பா, ஒரு நாளாவது நான் கணக்குக் கேட்டேனா?" என்றார் என்னிடம்.

கேட்டிருக்கலாம். கேட்கும்போது முகவர் முறையான கணக்கைக் காட்டியே தீரவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 213ஆம் பிரிவில் சொல்கிறது. கணக்குக் கேட்டால் அவர் மனம் நோகுமே என்ற தயக்கம் நமக்கு வேண்டியதில்லை.

முகவரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு வாடகை வாங்கித் தருவீர்கள்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அதிகத் தொகை சொல்பவரிடம் மனம் சாய்ந்துவிடுகிறது. பணம் எந்தக் கணக்கில் வந்து சேரும் என்பதை முதலில் கேளுங்கள். வாடகையும் முன்பணமும் குடியிருப்பவரிடமிருந்து நேரே உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவராயின் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கு) வரட்டும், முகவரின் ஊதியத்தை நீங்கள் தனியே கொடுங்கள். இதற்கு முகம் சுளிப்பவரிடம் பேச்சை நீட்ட வேண்டாம்.

அடுத்து, ஒப்பந்தம் எப்படி எழுதுவீர்கள் என்று கேளுங்கள். "பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதினால் போதும்" என்று விடை வந்தால் அவர் பழைய காலத்திலேயே நிற்கிறார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிலும் பதிவாக வேண்டும். சொத்து மேலாளரின் கடமைகளையும் அச்சட்டம் பேசுகிறது: ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, உரிமையாளர் சார்பில் இன்றியமையாத பழுதுகளைப் பார்ப்பது, வீட்டை அவ்வப்போது பார்வையிடுவது போன்றவை. வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரியைப் பிடித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பதும் முகவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடியிருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

அவர் பொறுப்பிலுள்ள வேறு வீட்டு உரிமையாளர் இருவரிடம் பேசிப் பாருங்கள். முகவரைப் பற்றிப் பொதுவாக விசாரித்தால் புகழுரைதான் கிடைக்கும். "முன்பணம் திருப்பிக் கொடுத்த சமயத்தில் எப்படி நடந்துகொண்டார்?" என்று கேட்டால் உண்மை வரும்.

எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது அதிகாரப் பத்திரத்தைத்தான். விடுமுறையில் வந்து, விமானம் ஏறும் அவசரத்தில், முகவர் தட்டச்சு செய்து கொண்டுவந்த பொது அதிகாரப் பத்திரத்தில் படிக்காமல் கையொப்பமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் எட்டாவது வரியில் "விற்கவும் அடமானம் வைக்கவும்" என்ற சொற்கள் இருந்தால் வீடே கைமாறக்கூடும். வாடகைக்கு விடுவது, பழுது பார்ப்பது, அறிவிப்புக் கொடுப்பது ஆகியவற்றுக்கு மட்டும் கால வரையறையோடு தனி அதிகாரம் கொடுத்தால் போதும். அதையும் உங்கள் வழக்கறிஞர் எழுதட்டும். வெளிநாட்டில் கையொப்பமிட்ட பத்திரமாயின், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

சாச்சாவின் வீட்டை இப்போது வேறொருவர் கவனிக்கிறார். சுவரின் நிறம் முதல் மின்விசிறிகளின் எண்ணிக்கை வரை எழுதி, படம் எடுத்து, மூவரும் கையொப்பமிட்ட பட்டியல் ஒன்று சாச்சியின் அலமாரியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேரன் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்த்துச் சொல்கிறான், கட்டணமில்லை. சென்ற முறை முகவர் குழாய் மாற்றியதற்குக் கடைச் சீட்டு இல்லாமல் 1,800 ரூபாய் கேட்டார். சீட்டு வந்த பிறகே சாச்சி பணம் அனுப்பினார்.